வாக்குவத்தில் காய்ச்சி வடித்தல்: பம்பின் எல்லையும் கொதிநிலையும்

கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். அந்த மணமும் அதனுடையதுதான், பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைத்தால் மரத்துப்போவதும் அதனால்தான். சாதாரண காற்றழுத்தத்தில் யூஜினால் கொதிக்க 253 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் நிறம் கறுக்கும், பிசுபிசுப்பாகும், மணமும் கெடும். அழுத்தத்தைச் சாதாரண 760 மில்லிமீட்டர் (மி.மீ.) பாதரசத்திலிருந்து 10-க்கு இறக்கிவிட்டால் அதே யூஜினால் 123 டிகிரியிலேயே வடிந்துவிடும். வாக்குவம் வைத்து, அதாவது பம்பால் காற்றை இழுத்துவிட்டு, காய்ச்சி வடிப்பதன் நோக்கம் இந்த 130 டிகிரியை மிச்சம் பிடிப்பதுதான்.

இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பம்பை மாட்டி, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் குழப்பம் ஆரம்பமாகும். பம்பின் விவரத்தாளில் 1 மில்லிபார் (சுமார் 0.75 மி.மீ.) வரை இழுக்கும் என்று போட்டிருக்கும். எண்ணெயோ 150 டிகிரி தாண்டியும் அசையாது. பிளாஸ்கில் இருக்கும் திரவத்துக்கு விவரத்தாள் தெரியாது. தன் மேற்பரப்பில் அந்த நேரத்தில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ அதற்கேற்பத்தான் அது கொதிக்கும். அந்த அழுத்தத்தைப் பம்ப் மட்டும் தீர்மானிப்பதில்லை. மூட்டுகளின் கசிவு, குழாயின் குறுகல், ஆவியைத் திரும்பத் திரவமாக்கும் கண்டென்சரின் குளிர்ச்சி, எண்ணெயில் ஒட்டியிருக்கும் ஈரம் என்று பலதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இவற்றில் எது மோசமோ அதுதான் உங்கள் எல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வழிகாட்டி.

1. கொதிநிலை ஏன் இறங்குகிறது

எந்தத் திரவத்துக்கும் ஓர் ஆவி அழுத்தம் உண்டு, அதிலிருந்து எழும் ஆவி தரும் அழுத்தம். சூடேற ஏற அது கூடும். வெளி அழுத்தத்தை அது எட்டும் இடம்தான் கொதிநிலை. தண்ணீரின் ஆவி அழுத்தம் 100 டிகிரியில் 760 மி.மீ., 60 டிகிரியில் 149, 40 டிகிரியில் 55, 30 டிகிரியில் சுமார் 32, 10 டிகிரியில் 9. இந்த ஐந்து எண்களையும் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இதற்குப் பம்ப்கூட வேண்டியதில்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் 580 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும், தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று: கொதிநிலை இறங்குவது நேர்கோட்டில் அல்ல. யூஜினாலுக்கு அளந்து வைத்த எண்களைப் பாருங்கள்.

760 மி.மீ. – 253.5 டிகிரி
400 மி.மீ. – 228.3
100 மி.மீ. – 182.2
60 மி.மீ. – 167.3
20 மி.மீ. – 138.7
10 மி.மீ. – 123.0
5 மி.மீ. – 108.1
1 மி.மீ. – 78.4

760-இலிருந்து 400 வரை 360 மி.மீ. இறக்கியதற்குக் கிடைத்தது 25 டிகிரி. ஐந்திலிருந்து ஒன்றுக்கு வெறும் 4 மி.மீ. இறக்கினால் 30 டிகிரி கிடைக்கிறது. எத்தனை மி.மீ. குறைந்தது என்பது முக்கியமில்லை, எத்தனை மடங்கு குறைந்தது என்பதே கணக்கு. கீழே போகப் போக ஒவ்வொரு மி.மீ.க்கும் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். இனி வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

2. கேஜ் காட்டுவது எதை என்று தெரிந்துகொள்ளுங்கள்

அலகுகளை முதலில் முடித்துவிடலாம். 760 மி.மீ. பாதரசம், 760 டார், 1013 மில்லிபார், 101.3 கிலோபாஸ்கல் எல்லாம் ஒன்றுதான். ஒரு டார் 1.33 மில்லிபார். பம்ப் விவரத்தாள் பெரும்பாலும் மில்லிபாரில் பேசும், பழைய வேதியியல் அட்டவணைகள் மி.மீ.யில் பேசும். மாற்றிக்கொள்ளாமல் ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு தவறு கணக்கின் தொடக்கத்திலேயே நுழைந்துவிடும்.

இதைவிடப் பெரிய வம்பு, முள் வைத்த வட்டக் கேஜ். அது பிளாஸ்கினுள் இருக்கும் உண்மையான அழுத்தத்தைக் காட்டுவதில்லை. வெளிக் காற்றைவிட உள்ளே எவ்வளவு குறைவு என்பதைத்தான் காட்டுகிறது. சென்னையில் முள் மைனஸ் 700-இல் நின்றால் உள்ளே மிச்சம் 60 மி.மீ. கோயம்புத்தூரில் வெளிக் காற்றே சுமார் 724 மி.மீ.தான், அங்கே அதே மைனஸ் 700 என்றால் உள்ளே 24 மி.மீ. முள் ஒரே இடத்தில் நிற்கிறது, யூஜினால் சென்னையில் 167 டிகிரியிலும் கோவையில் 144 டிகிரியிலும் கொதிக்கிறது. ஊட்டியில் முள் மைனஸ் 700-க்குப் போகவே போகாது. அதற்காகப் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் முள்ளின் தடிமன். சின்ன டயலில் அதுவே பத்து மி.மீ. அளவை மறைக்கும். மைனஸ் 740-க்கும் 750-க்கும் இடையே யூஜினால் 16 டிகிரி நகர்கிறது. 50 மி.மீ.க்குக் கீழே வேலை செய்வதென்றால் வட்டக் கேஜை நம்பாதீர்கள். வெளிக் காற்றோடு ஒப்பிடாமல் உள்ளே இருக்கும் முழு அழுத்தத்தைக் காட்டும் டிஜிட்டல் கேஜ் வேண்டும், அல்லது ஒரு முனை மூடிய பாதரச மானோமீட்டர் வேண்டும். டிஜிட்டலிலும் பிரானி வகை (சூடான கம்பி இழக்கும் வெப்பத்தை வைத்து அளப்பது) காற்றுக்காக அளவுத்திருத்தம் செய்யப்பட்டது, கரைப்பான் ஆவி இருந்தால் தவறான எண் சொல்லும். பட்ஜெட் இடம் கொடுத்தால் கெபாசிட்டன்ஸ் வகை வாங்குங்கள், அது எந்த வாயுவாக இருந்தாலும் அழுத்தத்தை மட்டும் அளக்கும்.

காசு செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. தூய்மை உறுதியான ஒரு திரவத்தை அதே அமைப்பில் கொதிக்க வைத்து, ஆவியின் வெப்பநிலையைப் பாருங்கள். தூய யூஜினாலின் ஆவி 139 டிகிரியில் நிலையாக நின்றால் அந்த இடத்தில் அழுத்தம் 20 மி.மீ. கேஜ் வேறு எதைச் சொன்னாலும் நான் தெர்மாமீட்டர் பக்கம்தான் நிற்பேன்.

3. உங்கள் அழுத்தத்தில் கொதிநிலையைக் கணக்கிடுங்கள்

அட்டவணையில் எல்லா அழுத்தமும் இருக்காது. இரண்டு புள்ளிகள் தெரிந்தால் மூன்றாவதைக் கணக்கிடலாம். இது கிளாசியஸ்–கிளாப்பிரான் சமன்பாடுதான். லாக் பொத்தான் உள்ள கால்குலேட்டர் போதும்.

வெப்பநிலைகளைக் கெல்வினுக்கு மாற்றுங்கள்: 253.5 என்பது 526.65, 123 என்பது 396.15. இரண்டையும் தலைகீழாக்குங்கள்: 0.0018988, 0.0025243. வித்தியாசம் 0.0006255. அழுத்தங்களின் லாக்: 760-க்கு 2.8808, 10-க்கு 1. வித்தியாசம் 1.8808. 1.8808-ஐ 0.0006255-ஆல் வகுத்தால் 3007. இது யூஜினாலுக்கே உரிய எண், ஒருமுறை கண்டுபிடித்தால் போதும்.

இப்போது 20 மி.மீ.யில் கொதிநிலை என்ன? 20-இன் லாக் 1.3010. பத்தின் லாக்கிலிருந்து 0.3010 கூடுதல். அதை 3007-ஆல் வகுத்தால் 0.0001001. 0.0025243-இலிருந்து கழித்தால் 0.0024242. தலைகீழாக்கினால் 412.5 கெல்வின், அதாவது 139 டிகிரி. அளந்த மதிப்பு 138.7. இடையில் தசமங்களைச் சுருக்கிவிடாதீர்கள், நாலாவது இலக்கத்தில் கை வைத்தால் விடையில் பல டிகிரி போய்விடும்.

உங்கள் திரவத்துக்குச் சாதாரண கொதிநிலை மட்டும்தான் தெரியும் என்றால் நோமோகிராஃப் வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்க்கலாம். அது தோராயம்தான். கிளிசரின் போல ஹைட்ரஜன் பிணைப்பு வலுவாக உள்ள திரவங்களில் இன்னும் தோராயம்.

4. பம்பின் எல்லை

தமிழ்நாட்டில் கல்லூரி ஆய்வகங்களிலும் சிறு பட்டறைகளிலும் நீர்த்தாரை பம்ப்தான் அதிகம், குழாயில் மாட்டும் ஆஸ்பிரேட்டராக இருக்கும் அல்லது தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் வகையாக இருக்கும். இரண்டுக்கும் அடி எல்லை ஒன்றே: அந்தத் தண்ணீரின் ஆவி அழுத்தம். அதற்குக் கீழே இழுக்கப் போனால் தண்ணீரே ஆவியாகி வந்து நிற்கும்.

குளிர்நாட்டுப் புத்தகங்களில் ஆஸ்பிரேட்டர் 10 முதல் 15 மி.மீ. வரை தரும் என்று எழுதியிருப்பார்கள். அது அவர்கள் ஊர்க் குழாய்த் தண்ணீருக்குச் சரி. நம் ஊரில் 30 டிகிரித் தண்ணீர் என்றால் 32 மி.மீ.க்குக் கீழே வராது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீர் 40 டிகிரி என்று வையுங்கள், எல்லை 55 மி.மீ. யூஜினால் அப்போது 165 டிகிரி கேட்கும். சுழல்நீர்த் தொட்டியில் ஐஸ் கொட்டி 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால் எல்லை 9 மி.மீ. ஆகிவிடும், யூஜினால் 121 டிகிரியில் வரும். புதுப் பம்ப் வாங்காமலே 44 டிகிரி மிச்சம். ஓட ஓடத் தொட்டித் தண்ணீர் சூடேறும் என்பதையும் மறக்காதீர்கள். காலையில் நன்றாக இழுத்த பம்ப் மத்தியானம் சோம்பினால் முதலில் தண்ணீரில் தெர்மாமீட்டரை விடுங்கள்.

சவ்வு அசைந்து இழுக்கும் டயாஃப்ரம் பம்புகளில் இரண்டு கட்ட வகை பத்து மில்லிபாருக்குச் சற்றுக் கீழே வரும், நான்கு கட்ட வகை ஒன்று இரண்டு மில்லிபார் வரை போகும். கரைப்பான் வேலைக்கு இவைதான் தொல்லையில்லாதவை. எண்ணெய் போட்ட ரோட்டரி பம்ப் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிபார் வரை இறங்கக்கூடியது, எண்ணெய் சுத்தமாக இருக்கும்வரை மட்டும். கரைப்பானோ ஈரமோ எண்ணெயில் கரைந்துவிட்டால் அதன் ஆவி அழுத்தமே புது எல்லையாகிவிடும். அதனால்தான் முன்னால் கோல்டு ட்ராப், அதாவது ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் பொறி, வைக்கிறோம். ஈரம் ஏறிவிட்டதாகத் தோன்றினால் பம்புக்குள் கொஞ்சம் காற்றை விடும் கேஸ் பாலஸ்ட் வால்வைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள், அதிலும் சரியாகாவிட்டால் எண்ணெயை மாற்றுங்கள்.

5. பம்பிலிருந்து பிளாஸ்க் வரை

பெரும்பாலானோர் தவறவிடும் பகுதி இது. பம்ப் வாயில் 1 மி.மீ. இருக்கலாம். பிளாஸ்கில் அது இருக்குமா?

குறைந்த அழுத்தத்தில் ஆவி எவ்வளவு விரியும் என்று பாருங்கள். ஒரு மோல் யூஜினால் 164 கிராம். சாதாரண அழுத்தத்தில் அதன் ஆவி 43 லிட்டர். 10 மி.மீ.யில் சுமார் 2,470 லிட்டர். 1 மி.மீ.யில் ஏறக்குறைய 22,000 லிட்டர். இவ்வளவும் விரல் தடிமன் குழாய் வழியாகப் போக வேண்டும். போகாது. நெருக்கியடித்து வரும்போது பின்னால் அழுத்தம் ஏறும். நீங்கள் அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் ஆவி அதிகமாகும், பிளாஸ்கின் அழுத்தம் இன்னும் ஏறும், கொதிநிலையும் கூடவே ஏறும்.

பிளாஸ்குக்கும் கண்டென்சருக்கும் இடையில் பிரிப்புக் குழல் (column) வைத்திருந்தால் நிலைமை மோசம். அந்தக் குழலில் 4 மி.மீ. அழுத்தம் விழுகிறது என்று வையுங்கள். மேலே 100 மி.மீ. என்றால் கீழே 104. கொதிநிலையில் ஒரு டிகிரி வித்தியாசம், யாரும் கவலைப்பட மாட்டார்கள். மேலே 1 மி.மீ. என்றால் கீழே 5. தெர்மாமீட்டர் மேலே 78 காட்டும்போது பிளாஸ்கில் எண்ணெய் 108-இல் வெந்துகொண்டிருக்கும். வாக்குவம் ஆழமாகும்போது பிரிப்புக் குழல் குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

திரவத்தின் ஆழமும் கணக்கில் வரும். 10 செ.மீ. ஆழ எண்ணெய் தன் எடையாலேயே அடியில் 8 மி.மீ. அளவுக்கு அழுத்தம் சேர்க்கிறது. மேற்பரப்பில் 1 மி.மீ. என்றால் அடியில் 9. அடியில் இருப்பது கொதிக்காமல் மிகையாகச் சூடேறி, பிறகு ஒரே மூச்சில் பொங்கி கண்டென்சருக்குள் பாயும். சாதாரண வடிப்பில் போடும் பீங்கான் துண்டுகள் வாக்குவத்தில் கைகொடுக்காது, அவற்றில் அடைபட்ட காற்று முதலிலேயே போய்விடும். காந்தக் கிளறி போட்டு விடாமல் கிளறுங்கள், பிளாஸ்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பெரிய ஆலைகள் மெல்லிய படலமாகத் தடவி ஆவியாக்கும் கருவிகளுக்குப் போனதும் இந்த ஆழத்தைத் தவிர்க்கத்தான்.

ரப்பர் குழாய் தடித்த சுவருள்ளதாக, குட்டையாக, அகலமாக இருக்கட்டும். உள்விட்டத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும்.

6. கீழேயும் ஒரு எல்லை உண்டு

எவ்வளவு ஆழமான வாக்குவமோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு பல பம்புகளைக் கொன்றிருக்கிறது. கொதிநிலை இறங்கினால் மட்டும் போதாது, வந்த ஆவி திரும்பக் குளிர்ந்து திரவமாக வேண்டும். எத்தனால் 100 மி.மீ.யில் 35 டிகிரியில் கொதிக்கும். 10 மி.மீ.யில் பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸ் 2-இல் கொதிக்கும். கண்டென்சரில் 10 டிகிரித் தண்ணீர் ஓடினால் ஆவி ஒரு துளிகூட நிற்காமல் நேராகப் பம்புக்குள் போகும். சேகரிப்புப் பிளாஸ்கில் ஏற்கெனவே விழுந்ததும் மறுபடி ஆவியாகும்.

ரோட்டரி எவாப்பரேட்டர் (பிளாஸ்கைச் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் இருபது டிகிரி விதியைப் பின்பற்றுவது இதற்காக: குளிர்நீரைவிட ஆவி 20 டிகிரி மேலே, ஆவியைவிடச் சூடேற்றும் தொட்டி இன்னும் 20 டிகிரி மேலே. தொட்டி 60, ஆவி 40, குளிர்நீர் 20 அல்லது அதற்குக் கீழே. ஆவியை 40 டிகிரியில் நிறுத்த எத்தனாலுக்குச் சுமார் 175 மில்லிபார் வைக்கலாம், எத்தில் அசிட்டேட்டுக்கு 240, மெத்தனாலுக்கு 337, டொலுயீனுக்கு 77, தண்ணீருக்கு 72. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியில் வந்தால் இந்த எண்கள் செல்லாது. தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் இல்லையென்றால் குளிர்நீர்த் தொட்டியில் ஐஸ் போட்டுச் சுழற்றுங்கள், அல்லது அழுத்தத்தை ஏற்றி ஆவியை 50-இல் நிறுத்துங்கள்.

ஈரமும் இதே கதைதான். கிராம்பு எண்ணெய் பெரும்பாலும் நீராவியில் வடித்தெடுக்கப்படுவது, அதில் தண்ணீர் இருக்கும். அது முழுதும் போகும்வரை அழுத்தம் இறங்காது. நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி வடிகட்டிவிட்டு ஆரம்பித்தால் பாதி நேரம் மிச்சம்.

7. கசிவுச் சோதனை

சூடேற்றுவதற்கு முன்பே, உலர்ந்த காலி அமைப்பில் செய்யுங்கள். முழு வாக்குவத்துக்கு இழுத்து, பம்புக்கான வால்வை மூடி, அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டே போனால் வெளியிலிருந்து காற்று வருகிறது. முதலில் ஏறி, பிறகு மெதுவாகி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஏதோ ஈரமோ கரைப்பானோ ஆவியாகிறது. முதலாவதற்கு மூட்டுகளைக் கழற்றித் துடைத்து கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். அப்பித் தடவினால் எண்ணெயில் கலக்கும். இரண்டாவதற்கு அமைப்பைக் காய வையுங்கள். வித்தியாசம் தெரியாமல் மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அப்புவது வீண் வேலை.

8. ஓட்டும் வரிசை

ஒரு லிட்டர் உருண்டைப் பிளாஸ்கின் மேற்பரப்பு சுமார் 480 சதுர செ.மீ. வாக்குவத்தில் அதன்மேல் மொத்தமாக அரை டன் அளவுக்குக் காற்று அழுத்துகிறது. நட்சத்திர வடிவக் கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். தட்டை அடியுள்ள கூம்புக் குடுவையைச் சேகரிப்புக்குக்கூட வைக்கக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முன்னால் தடுப்புத் திரை, இரண்டும் கட்டாயம்.

முதலில் வாக்குவம், பிறகுதான் சூடு. குளிர்ந்த நிலையில் அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கி, கரைந்த காற்றும் எளிதில் ஆவியாவதும் நுரைத்து அடங்கும்வரை பொறுங்கள். அழுத்தம் நிலையாக நின்ற பிறகு சூட்டை மெல்லக் கூட்டுங்கள். தெர்மாமீட்டர் குமிழ் பக்கக் கிளைக்குச் சற்றுக் கீழே முழுதும் ஆவியில் நனையும்படி இருக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் ஆவி மெல்லியது, குமிழைச் சூடாக்க நேரம் எடுக்கும், வேகமாக வடித்தாலும் மிக மெதுவாக வடித்தாலும் பொய் சொல்லும். கணக்கிட்ட கொதிநிலைக்கு ஐந்து டிகிரிக்குள் நின்றால் சரி. பத்து இருபது டிகிரி மேலே நின்றால் அழுத்தம் நீங்கள் நினைத்ததல்ல, 2-ஆம் படிக்கும் 5-ஆம் படிக்கும் திரும்பிப் போங்கள்.

முடிக்கும்போது தலைகீழ்: சூட்டை நிறுத்தி, பிளாஸ்க் ஆறும்வரை வாக்குவத்திலேயே விட்டு, பிறகு காற்றை மெல்ல உள்ளே விட்டு, கடைசியில் பம்பை நிறுத்துங்கள். சூடான எண்ணெய்மேல் காற்றைத் திறந்துவிட்டால் அது கறுக்கும், சில பொருட்கள் தீப்பிடிக்கவும் கூடும். காற்றை விடுமுன் பம்பை நிறுத்தினால் பம்பின் தண்ணீரோ எண்ணெயோ பின்னால் உறிஞ்சப்பட்டு உங்கள் சரக்கில் வந்து சேரும். திரவ நைட்ரஜன் ட்ராப் வைத்திருந்தால் அதன் வழியே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. மைனஸ் 196 டிகிரியில் காற்றிலுள்ள ஆக்சிஜன் திரவமாகித் தேங்கும், கரிமப் பொருளோடு சேர்ந்தால் வெடிக்கும்.

வாக்குவத்தால் ஆகாத வேலை

அழுத்தத்தைக் குறைத்தால் கொதிநிலை இறங்கும். பிரிப்பும் சேர்ந்து மேம்படுமா என்றால், பல கலவைகளில் கொஞ்சம் மேம்படும். எத்தனால்–தண்ணீர் கலவை சாதாரண அழுத்தத்தில் எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் பிரியாது. சுமார் 70 மி.மீ.க்குக் கீழே அந்தத் தடை மறைந்துவிடும். ஆனால் மேலே சொன்னபடி அந்த அழுத்தத்தில் ஆவியைக் குளிர்விக்க நல்ல சில்லர் வேண்டும், அதற்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடை போடுவது எளிது.

கிராம்பு எண்ணெயில் இன்னும் கறாரான பாடம் இருக்கிறது. யூஜினாலோடு வரும் கேரியோஃபிலீன் 14 மி.மீ.யில் 129, 130 டிகிரியில் கொதிக்கும். யூஜினால் அதே அழுத்தத்தில் 131. எவ்வளவு விலை கொடுத்துப் பம்ப் வாங்கினாலும் இந்த இரண்டையும் சாதாரண வடிப்பில் பிரிக்க முடியாது. யூஜினால் ஒரு ஃபீனால், அதாவது மெல்லிய அமிலத்தன்மை உள்ளது, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரையும், கேரியோஃபிலீன் கரையாது. முதலில் காரத்தில் குலுக்கிக் கீழ் அடுக்கைப் பிரித்தெடுங்கள், அமிலம் சேர்த்து யூஜினாலை மீட்டெடுங்கள், கழுவி உலர்த்துங்கள். அதன் பிறகு நிறத்தையும் எஞ்சிய பிசினையும் எடுக்க மட்டும் 10 மி.மீ.யில் ஒருமுறை வடித்தால் போதும்.